"அல்லது அதுபோன்ற வேறு கார்": வெளிநாட்டில் மின்சாரக் காரை வாடகைக்கு எடுக்கும் முன்

வாடகைக் கார் புக் செய்ததும் வரும் மின்னஞ்சலில் காரின் படமும் பெயரும் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே, யாரும் படிக்காத சிறிய எழுத்தில் ஒரு வரி: "அல்லது அதுபோன்ற வேறு கார்". பெட்ரோல் காராக இருந்தால் இந்த வரியால் ஒன்றும் கெட்டுப்போகாது. வேறு நிறம், வேறு கம்பெனி, டிக்கி கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். எந்த பங்கில் நிறுத்தினாலும் ஐந்து நிமிடத்தில் டேங்க் நிரம்பிவிடும்.

மின்சாரக் காரில் அந்த ஒரு வரிதான் மொத்தப் பயணத்தையும் தீர்மானிக்கிறது. வாடகைப் பட்டியல்களில் பார்க்கக்கூடிய மூன்று கார்களை எடுத்துக்கொள்வோம். ஹூண்டாய் ஐயோனிக் 5, 350 கிலோவாட் வேகத்தில் ஏற்றும் சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏற 18 நிமிடம் என்கிறது கம்பெனி. பேட்டரி சரியான சூட்டில் இருந்தால் ஏறக்குறைய அப்படியே ஏறவும் செய்யும். 40 யூனிட் பேட்டரி உள்ள பழைய நிசான் லீஃபுக்கு 50 கிலோவாட்தான் உச்சம். அதன் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது என்பதால், ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது முறை வேக சார்ஜருக்குப் போகும்போது பேட்டரி சூடேறி, அந்த வேகமும் இறங்கிவிடும். ரெனோ ஸோயில் வேக சார்ஜ் வசதியே தனியாகக் காசு கொடுத்தால்தான் கிடைத்தது. அது இல்லாத ஸோய் நெடுஞ்சாலை வேக சார்ஜரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மூன்றும் மின்சாரக் கார்தான். ஆனால் ஒரே வழியில் ஒன்று மாலைக்குள் போய்ச் சேரும், ஒன்று நடுராத்திரியில், இன்னொன்று மறுநாள்.

வழியில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிடுமோ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. என்னைக் கேட்டால் அதை இரண்டாவதாக வைப்பேன். தூரம் கணக்கில் அடங்குகிற விஷயம். கணக்குப் போட்டால் விடை வந்துவிடும். கணக்கில் அடங்காதவை வேறு. கார் அடுத்தவருடையது, சார்ஜர் அடுத்த நாட்டினுடையது, அந்தச் சார்ஜருக்கு யார் எப்படிக் காசு கட்டுவது என்பது சில நேரம் கவுன்ட்டரில் சாவி கொடுப்பவருக்கே தெரியாது. இந்த மாதிரிப் பயணங்கள் சொதப்பும்போது பெரும்பாலும் இந்த இடங்களில்தான் சொதப்புகின்றன. பேட்டரி பாவம், அது பாட்டுக்கு வேலை பார்க்கும்.

கவுன்ட்டரில் இருப்பவரைக் குறை சொல்லியும் பயனில்லை. வாடகை நிறுவனங்களுக்கே இது புதிய தொழில். ஹெர்ட்ஸ் நிறுவனம் 2021 அக்டோபரில் ஒரு லட்சம் டெஸ்லா கார்களை வாங்கப்போவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில், அமெரிக்காவில் சுமார் 20,000 மின்சாரக் கார்களை, அதாவது உலகம் முழுக்கத் தன்னிடமிருந்த மின்சாரக் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, விற்றுவிடப் போவதாகச் சொன்னது. இடித்தால் பழுதுபார்க்கும் செலவு அதிகம், எடுக்க ஆளும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. போதாக்குறைக்கு டெஸ்லா புதுக் காரின் விலையை அடிக்கடி குறைத்ததில், கையிலிருந்த பழைய கார்களின் மதிப்பும் சரிந்தது. இப்படி வாங்குவதும் விற்பதுமாக இருக்கும் துறையில், இன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கப்போகும் காரைப் பற்றிப் பயிற்சி பெற்ற ஊழியர் அங்கே இருப்பார் என்று நம்பிப் போகாமல் இருப்பது நல்லது.

எனவே புக் செய்வதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டியவை சில உண்டு. எந்த மாடல், அதற்கு வேக சார்ஜ் உண்டா, உச்சம் எத்தனை கிலோவாட்? கேபிள் காரோடு வருமா? சார்ஜ் அட்டை தருவார்களா, தந்தால் கட்டணம் எப்படிக் கழியும்? திருப்பித் தரும்போது எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்? மாடலை உறுதி சொல்ல முடியாது என்று பதில் வந்தால், அந்தப் பிரிவிலேயே மிக மோசமான காரை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள். அதைவிட நல்ல கார் கையில் வந்தால் மதியம் ஒரு மணி நேரம் மிச்சம்.

நாட்டுக்கொரு பிளக்

உலகம் முழுக்க ஒரே பிளக் கிடையாது. ஐரோப்பாவில் மெதுவான சார்ஜுக்கு டைப் 2, வேக சார்ஜுக்கு சிசிஎஸ்2. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட உத்தரவு இந்தச் சண்டையை அங்கே முடித்துவைத்தது. டெஸ்லாகூட 2019-இல் மாடல் 3-ஐ ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தபோது தன் சொந்த பிளக்கை விட்டுவிட்டு சிசிஎஸ்2-ஐப் போட்டுத்தான் கொண்டுவந்தது. அதனால் ஐரோப்பாவில் சமீபத்திய காரை எடுப்பவருக்கு பிளக்கைப் பற்றிப் பெரும்பாலும் கவலையில்லை.

சீனாவில் ஜிபி/டி என்று தனி வகை. ஜப்பானில் சாடெமோ. அந்தப் பெயர் 'டீயாவது குடிக்கலாமா' என்ற ஜப்பானிய வாக்கியத்தைக் கேலியாக நினைவூட்டும்படி வைத்ததாம். சார்ஜ் ஏறும் நேரத்தில் வேறு என்ன செய்வது! அங்கே சாலையோர வேக சார்ஜர்களில் ஒரு தடவைக்கு 30 நிமிடம் என்பது பொதுவான வழக்கம். பாதி ஏறியிருந்தாலும் நேரம் முடிந்தால் அணைந்துவிடும். ஐரோப்பாவில் பழகியவர் அங்கே போனால் திட்டத்தின் தாளமே மாறிவிடும்.

குழப்பம் அதிகம் இருப்பது இப்போதைக்கு வட அமெரிக்காவில்தான். அங்கே பல ஆண்டுகளாக டெஸ்லாவுக்கு ஒரு பிளக், மற்றவர்களுக்கு சிசிஎஸ்1. 2022 நவம்பரில் டெஸ்லா தன் பிளக்கின் வடிவமைப்பை என்ஏசிஎஸ் என்ற பெயரில் பொதுவில் வைத்தது. 2023 மே மாதம் ஃபோர்டு அதை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது, அடுத்த மாதமே ஜெனரல் மோட்டார்ஸ், பிறகு ஒவ்வொருவராக வரிசை கட்டினார்கள். விளைவு, சாலையில் இரண்டு வகைக் கார்களும் இரண்டு வகைச் சார்ஜர்களும் கலந்து நிற்கின்றன. இடையில் ஓர் அடாப்டர் வேண்டும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பொருள்தான், ஆனால் அது டிக்கியில் இல்லையென்றால் அந்த ஊரில் உள்ள சார்ஜர்களில் பாதி உங்களுக்கு இல்லாத மாதிரி. சாவி வாங்கும்போதே டிக்கியைத் திறந்து அடாப்டரைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டெஸ்லா சார்ஜரில் வேறு காரை நிறுத்துபவர்களுக்கு இன்னொரு சங்கடம். அங்கே பழைய சார்ஜர்களின் கேபிள்கள் டெஸ்லாவுக்காகவே அளந்து செய்தவை; சார்ஜ் துளை பின்பக்கம் இடது ஓரத்தில் இருக்கும் என்ற எண்ணத்தில் குட்டையாக விட்டிருக்கிறார்கள். துளை வேறு பக்கம் இருக்கும் கார் பக்கத்து இடத்தில் நின்று எட்டிப்பிடிக்க வேண்டும், அல்லது கோணலாக நிறுத்தி இரண்டு பேருக்கான இடத்தை அடைக்க வேண்டும். பக்கத்தில் காத்திருப்பவர் ஒரு பார்வை பார்ப்பார். சிரித்துவிட்டு, எத்தனை நிமிடம் ஆகும் என்று சொல்லிவிடுவது நல்லது. ஐயோனிக் 5 போன்ற 800 வோல்ட் கார்களுக்குப் பழைய டெஸ்லா சார்ஜர்களில் முழு வேகமும் கிடைக்காது. அவை 500 வோல்ட்டோடு நின்றுவிடுபவை. கேட்ட 18 நிமிடம் அங்கே செல்லாது.

தூரம் என்னும் கணக்கு

இனி கணக்கு. மின்சாரத்தை நாம் அளக்கும் 'யூனிட்' என்பது ஒரு கிலோவாட்-மணி. பேட்டரியின் அளவும் அதில்தான். கிலோவாட் என்பது ஏறும் வேகம், யூனிட் என்பது ஏறிய அளவு. குழாயின் வேகமும் தொட்டியின் கொள்ளளவும் மாதிரி.

பயன்படுத்தக்கூடிய 60 யூனிட் பேட்டரி உள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் 400 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருப்பார்கள். அது ஆய்வகத்தில், நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில், இதமான வெப்பத்தில் அளந்தது. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் இந்த மாதிரி கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 18 யூனிட் குடிக்கும். 130-இல் போனால் சுமார் 22. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுவதுதான் காரணம். 110-லிருந்து 130-க்குப் போனால் காற்று தள்ளும் விசை மட்டும் 40 சதவீதம் கூடுகிறது.

காலையில் 100 சதவீதத்தோடு கிளம்பி, 10 சதவீதம் மிச்சம் வைத்து நிறுத்தினால் கையில் இருப்பது 54 யூனிட். 110 வேகத்தில் 300 கிலோமீட்டர், 130-இல் 245. இது முதல் கட்டம். இரண்டாம் கட்டத்திலிருந்து கணக்கு வேறு, ஏனென்றால் நெடுஞ்சாலையில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவது நேர விரயம். பேட்டரி நிரம்ப நிரம்ப ஏற்றம் மெதுவாகும். பல கார்களில் கடைசி 20 சதவீதம் ஏற, முதல் 70 சதவீதத்துக்கு ஆன நேரமே ஆகிவிடும். ஆக 80-லிருந்து 10 வரை, 42 யூனிட். 110 வேகத்தில் 233 கிலோமீட்டர், 130-இல் 190. விளம்பரத்தில் 400-ஐத் தாண்டிய கார், உண்மையான நெடுஞ்சாலை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிற்கும் கார். இந்தக் கணக்கைப் புக் செய்வதற்கு முன் போட்டவர் அமைதியாக ஓட்டுவார். கிளம்பிய பிறகு கண்டுபிடிப்பவர் ஏமாற்றிவிட்டார்கள் என்பார்.

குளிர்காலமாக இருந்தால் இதிலிருந்து கால் பங்கைக் கழித்துவிடுங்கள், கடும் குளிரென்றால் மூன்றில் ஒரு பங்கை. பேட்டரியையும் சூடாக்க வேண்டும், உட்கார்ந்திருப்பவர்களையும் சூடாக்க வேண்டும், இரண்டும் அதே பேட்டரியிலிருந்துதான். வெயில் ஊரில் ஏசி அந்த அளவு சாப்பிடாது.

மலைக்கு வருவோம், மலைதான் பலரைப் பயமுறுத்துவது. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். பிராத்தோ பக்கத்திலிருந்து ஏறும் சாலை 24 கிலோமீட்டர், 48 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்றம் சுமார் 1,840 மீட்டர். ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க, பள்ளிக்கூட இயற்பியல்படி சரியாக 10 யூனிட். மோட்டாரின் இழப்பையும் உருளும் செலவையும் சேர்த்தால் 14, 15 வரும். அதாவது வெறும் 24 கிலோமீட்டரில் 60 யூனிட் பேட்டரியில் கால் பங்கு காலி. ஓட்டுபவரின் நெஞ்சு படபடப்பது இங்கேதான், சதவீதம் கண்ணெதிரே இறங்கும்.

அப்புறம் மறுபக்கம் போர்மியோவுக்கு 1,500 மீட்டர் இறக்கம். இறங்கும்போது மோட்டார் டைனமோவாக மாறி, ஏற்றத்தில் விட்டதில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிடும். பிரேக்கில் கால் வைக்காமலேயே 5 யூனிட் பேட்டரிக்குள் வந்து உட்காருவதைப் பார்ப்பது, சொல்லப்போனால், இந்த வகைக் காரின் மிக இனிமையான அனுபவம். ஒரே ஒரு எச்சரிக்கை. மலை உச்சி விடுதியில் தங்கி ராத்திரியே 100 சதவீதம் ஏற்றிவிட்டால், காலையில் இறங்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தை வைக்க இடமிருக்காது. முழுச் சுமையும் சாதாரண பிரேக் மேல் விழும். உச்சியில் தங்கினால் 80-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாடகைக் காருக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது. இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று டாஷ்போர்டில் ஓர் எண் தெரியும். பல கார்களில் அது முன்பு ஓட்டப்பட்ட விதத்தை வைத்துப் போடும் ஊகம். அதாவது, உங்களுக்கு முன் இந்தக் காரை எடுத்தவர் நகரத்துக்குள் ஊர்ந்தாரா, நெடுஞ்சாலையில் பறந்தாரா என்பதை அந்த எண் சொல்கிறது. உங்கள் பயணத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, முதல் 50 கிலோமீட்டரில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று காட்டுவதை மட்டும் பாருங்கள். மேலே போட்ட கணக்கில் 18-க்குப் பதில் அந்த எண்ணைப் போட்டால் அது உங்கள் கார், உங்கள் வேகம், அன்றைய வானிலை எல்லாம் சேர்ந்த கணக்கு.

வழித் திட்டத்துக்கு 'எ பெட்டர் ரூட்பிளானர்' என்ற செயலியைப் பலரும் நம்புகிறார்கள், நானும்தான். காரின் மாடலைச் சொன்னால் எங்கே, எத்தனை சதவீதத்தோடு போய்ச் சேர்வோம், எவ்வளவு நேரம் ஏற்ற வேண்டும் என்று போட்டுத் தரும். சார்ஜர் உண்மையில் வேலை செய்கிறதா, அது எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பதற்கு 'பிளக்ஷேர்'; அதில் ஓட்டுநர்கள் புகைப்படத்தோடு எழுதி வைத்திருப்பார்கள். ஒன்று மட்டும். திட்டத்தைக் கைபேசியில் போட்டாலும், வேக சார்ஜரை நோக்கிப் போகும்போது அந்த இடத்தைக் காரின் சொந்த வழிகாட்டியில் குறித்துவிடுங்கள். இந்த வசதி உள்ள கார்களில் பெரும்பாலானவை, சார்ஜருக்குத்தான் போகிறோம் என்று தெரிந்தால் மட்டுமே பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும். கைபேசி வரைபடத்தை நம்பிப் போனால் காருக்கு விஷயமே தெரியாது. குளிர்நாளில் ஆறிப்போன பேட்டரியோடு 150 கிலோவாட் சார்ஜரில் நின்று, 40 கிலோவாட்டில் ஏறுவதைப் பார்த்துச் சார்ஜரைத் திட்டுபவர்களில் பலரின் பிரச்சினை இதுதான். இன்னொரு காரணம் பக்கத்து கார். ஒரே கம்பத்தில் இரண்டு கேபிள் தொங்கினால் பல இடங்களில் மின்சாரத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். காலியான கம்பம் இருக்கும்போது அடுத்தவரின் கம்பத்தில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

காசு கட்டும் கலை

இதுவரை சொன்னதெல்லாம் இயற்பியல், அது எல்லா நாட்டிலும் ஒன்று. காசு கட்டுவது அப்படியில்லை.

சார்ஜர் வலையமைப்புகள் ஆரம்பத்தில் தத்தம் ஊர்க்காரர்களை மட்டுமே மனதில் வைத்து வளர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி, ஓர் அட்டை, ஒரு கணக்கு. வெளிநாட்டுக்காரருக்கு இதில் மூன்று இடத்தில் கதவு சாத்தப்படும். சில செயலிகள் உங்கள் நாட்டுச் செயலிக் கடையில் கண்ணிலேயே படாது. படுபவற்றில் சில, உள்ளூர் கைபேசி எண்ணைக் கேட்கும். அதையும் தாண்டினால் வங்கி அட்டையைச் சேர்க்கும்போது ஓடிபி உங்கள் சொந்த ஊர் எண்ணுக்குப் போகும். அந்த சிம்மையோ விமான நிலையத்தில் கழற்றி, உள்ளூர் சிம்மைப் போட்டிருப்பீர்கள். மழையில், 9 சதவீதத்தில், பின் இருக்கையில் தூங்கி எழுந்த குழந்தை அழுகையைத் தொடங்கும்போது செய்யும் வேலையில்லை இது. செயலிகளை வீட்டிலேயே இறக்கி, கணக்குத் திறந்து, அட்டையையும் சேர்த்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள். சொந்த சிம்மைக் கழற்றவே வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை மாறி வருகிறது. 2024 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அதற்குப் பிறகு நிறுவப்படும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுச் சார்ஜர்கள் எல்லாம் சாதாரண வங்கி அட்டையை ஏற்க வேண்டும். கட்டணத்தை யூனிட் கணக்கில் தெளிவாகக் காட்டவும் வேண்டும். முக்கிய நெடுஞ்சாலைகளில் இருக்கும் பழையவற்றுக்கு 2027 வரை அவகாசம். அதே சட்டம், முதன்மை நெடுஞ்சாலை வலையமைப்பில் 60 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜ் நிலையத்தை 2025 முடிவுக்குள் வைக்கச் சொன்னது. பிரிட்டனிலும் இதே மாதிரி விதி வந்து, வேக சார்ஜர்களில் அட்டையைத் தட்டிக் காசு கட்டும் வசதி 2024 நவம்பரிலிருந்து கட்டாயம்.

சட்டம் வந்ததால் எல்லாம் சுலபமாகிவிட்டதா? முக்கால்வாசி. அட்டையைத் தட்டி ஏற்றும்போது விலை பெரும்பாலும் அதிகம். அந்த வலையமைப்பின் செயலியிலோ மாதச் சந்தாவிலோ அதே யூனிட் கணிசமாகக் குறையும். இரண்டு வாரம் ஒரே வலையமைப்பின் சார்ஜர்களாகப் பார்த்து நிற்கப்போகிறீர்கள் என்றால், ஒரு மாதச் சந்தாவைக் கட்டிவிட்டு ஊர் திரும்பியதும் ரத்து செய்வது இரண்டாவது, மூன்றாவது சார்ஜிலேயே லாபமாகிவிடக்கூடும். ரத்து செய்ய நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பல வலையமைப்புகளில் செல்லும் பொதுச் சார்ஜ் அட்டைகளும் உண்டு. கைக்கு ஒன்று இருப்பது நல்லது, மெதுவான சார்ஜர்கள் பல இடங்களில் இன்னும் அந்த மாதிரி அட்டையோ செயலியோ இல்லாமல் வாய் திறப்பதில்லை.

அட்டையைத் தட்டியதும் நடக்கும் இன்னொரு விஷயம். எவ்வளவு ஏற்றப்போகிறீர்கள் என்று இயந்திரத்துக்குத் தெரியாததால், ஒரு பெரிய தொகையை உங்கள் கணக்கில் பிடித்து வைத்துவிட்டு, பிறகு உண்மையான தொகையை எடுத்துக்கொண்டு மீதியை விடுவிக்கும். விடுவிக்கச் சில நாட்கள் ஆகலாம். ஒரே நாளில் மூன்று இடத்தில் நின்றால் மூன்று தொகை முடங்கும். வாடகை நிறுவனம் ஏற்கெனவே அதே அட்டையில் முன்பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காருக்கு ஒரு கிரெடிட் கார்டு, சார்ஜருக்கு வேறு கார்டு என்று பிரிப்பது வேடிக்கையாகத் தோன்றும். மூன்றாம் நாள் மாலை அதன் அருமை தெரியும்.

சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காமல் விட்டால் நிமிடக் கணக்கில் தண்டம் உண்டு. டெஸ்லாவில் ஏற்றம் முடிந்ததுமே அது தொடங்கலாம். ஜெர்மனியில் சில வலையமைப்புகள் நான்கு மணி நேரம் கழித்துத் தொடங்குகின்றன. ராத்திரி தெருவோர மெதுவான சார்ஜரில் மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர் இதைப் படித்துவிட்டுத் தூங்க வேண்டும்.

சாலைக்கான கட்டணமும் நாட்டுக்கு நாடு வேறு. பெட்ரோலில் வரி வசூலித்த அரசுகள், பெட்ரோல் குடிக்காத காரிடம் கிலோமீட்டர் கணக்கில் கேட்கத் தொடங்கிவிட்டன. ஐஸ்லாந்து 2024 ஜனவரியில் மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு 6 குரோனா என்று ஆரம்பித்தது; 1,322 கிலோமீட்டர் வட்டச் சாலையை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்தக் கணக்கில் 7,900 குரோனாவைத் தாண்டும். நியூசிலாந்து 2024 ஏப்ரலிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். வாடகை நிறுவனம் இதைத் தன் பில்லில் ஏதோ ஒரு பெயரில் சேர்த்துவிடும். விலை ஒப்பிடும்போது அந்த வரியையும் தேடுங்கள். சுவிட்சர்லாந்து மாதிரி நெடுஞ்சாலை வில்லை (சாலைக் கட்டணம் கட்டியதற்கான அடையாளம்) வாங்க வேண்டிய நாட்டுக்குப் பக்கத்து நாட்டுக் காரில் நுழைகிறவர்களுக்கு ஒரு சிறு முடிச்சு: மின்னணு வில்லை காரின் எண்ணோடு கட்டப்பட்டது, அந்த எண்ணோ சாவி கைக்கு வந்த பிறகுதான் தெரியும். எல்லை தாண்ட அனுமதி உண்டா என்பதையும் அதே கவுன்ட்டரில் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியிலும் 1949 ஒப்பந்தப்படி ஒன்று, 1968 ஒப்பந்தப்படி ஒன்று என்று இரு வகை இருக்கிறது. ஜப்பான் முதல் வகையை மட்டுமே ஏற்கிறது. போகும் நாடு எதை ஏற்கும் என்று பார்க்காமல் வாங்கினால் கவுன்ட்டரிலேயே பயணம் முடிந்துவிடும்.

ராத்திரி எங்கே

பெட்ரோல் காரில் வழியை முடிவு செய்துவிட்டு விடுதியைத் தேடுகிறோம். மின்சாரக் காரில் விடுதியை முதலில் முடிவு செய்தால் வழி தானாக அமைந்துவிடும். தங்குமிடத்தில் 11 கிலோவாட் கம்பம் ஒன்று இருந்தால், 60 யூனிட் பேட்டரி நீங்கள் தூங்கி எழுவதற்குள் நிரம்பிவிடும்; ஆறு மணி நேரம் போதும். அந்த 300 கிலோமீட்டர் முதல் கட்டம் அப்படிக் கிடைப்பதுதான். அது இல்லாத நாளில் காலை முதல் வேலையே சார்ஜர் தேடுவதாகிவிடும், ஆறிப்போன பேட்டரியோடு.

சாதாரண ஐரோப்பியச் சுவர் பிளக்கிலும் ஏற்றலாம், காரோடு அதற்கான கேபிள் வந்திருந்தால். 10 ஆம்பியர், 230 வோல்ட் என்றால் 2.3 கிலோவாட். பத்து மணி நேரத்தில், இழப்பு போக 20 யூனிட், சுமார் 110 கிலோமீட்டர். அமெரிக்காவின் 120 வோல்ட் பிளக்கில் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். ஒரே இடத்தில் மூன்று நாள் தங்கினால் இதுவே தாராளம்.

புக்கிங் தளங்களில் 'சார்ஜ் வசதி உண்டு' என்று ஒரு சின்னம் போட்டிருக்கும். அதற்கு அர்த்தம் பல. வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு கம்பம், அறைகள் அறுபது என்று இருக்கலாம். முந்நூறு மீட்டர் தள்ளி நகராட்சிக் கம்பம் ஒன்று இருக்கிறது என்பதாக இருக்கலாம். தோட்டக்காரரின் புல்வெட்டும் இயந்திரத்துக்கான சுவர் பிளக்காகவும் இருக்கலாம். எத்தனை கம்பம், எத்தனை கிலோவாட், முன்பதிவு செய்யலாமா, என்ன கட்டணம் என்று நான்கே கேள்வி எழுதி அனுப்பினால், வரும் பதிலின் தொனியிலேயே நிலவரம் புரிந்துவிடும்.

ஐரோப்பாவின் மெதுவான கம்பங்களில் பெரும்பாலும் கேபிள் தொங்காது, துளை மட்டும் இருக்கும். டைப் 2 கேபிளை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கேபிள் சம்பந்தமாக எனக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு விடுதியில் காலை ஆறரை மணிக்குக் கிளம்பப் போய், கேபிளைப் பிடுங்கினால் வரவில்லை. ஒரு கையால் இழுத்தேன், இரண்டு கையால் இழுத்தேன். கம்பத்துக்கு ஒரு பூட்டு, காருக்கு ஒரு பூட்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. ராத்திரி வரவேற்பறையில் இருந்தவர் தன் அட்டையைக் காட்டிச் சார்ஜைத் தொடங்கி வைத்திருந்தார். அதே அட்டையைக் காட்டினால்தான் கம்பம் கேபிளை விடும். அட்டை அவர் சட்டைப் பையில், அவர் வீட்டில். எட்டு மணிக்கு வந்தார். காரின் பக்கம் சிக்கிக்கொண்டால் வழி வேறு: முதலில் காரைச் சாவியால் பூட்டித் திறந்து பாருங்கள், அப்படியும் விடவில்லை என்றால் பல கார்களில் டிக்கிக்குள்ளோ பானெட்டுக்குள்ளோ கையால் இழுத்து விடுவிக்க ஒரு நாடா இருக்கும். அது எங்கே என்று கையேட்டில் தேடி வைப்பது ஐந்து நிமிட வேலை.

சாவி வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

காரைக் கொடுப்பவர் கீறல்களைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதில் அவசரப்படுவார். அவர் போன பிறகு வண்டி நிறுத்துமிடத்திலேயே கொஞ்ச நேரம் இருங்கள். கேபிள் எது, அடாப்டர் எது, சார்ஜ் மூடி எப்படித் திறக்கிறது (சிலவற்றில் அழுத்த வேண்டும், சிலவற்றில் திரையில் தேட வேண்டும்), வண்டியை எப்படி அணைப்பது. டெஸ்லாவில் சாவி என்பது வங்கி அட்டை போன்ற ஒரு அட்டை. கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணில் அதைக் காட்டினால்தான் திறக்கும். தெரியாதவர் கதவைச் சுற்றிச் சுற்றி வருவார்.

அதன் பிறகு, பேட்டரி 80-இல் இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்திலிருக்கும் ஏதாவது வேக சார்ஜரில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஏற்றுங்கள். பிளக் பொருந்துகிறதா, அட்டை செல்கிறதா, செயலி உங்களை ஏற்கிறதா என்பதெல்லாம் வாடகைக் கவுன்ட்டர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும். அங்கே தகராறு செய்தால் காரை மாற்றிக்கொள்ளலாம். 200 கிலோமீட்டர் தள்ளி, இருட்டில் செய்தால் யாரை மாற்றுவது? பேட்டரி தீர்ந்து நின்றால் தூக்கிக்கொண்டு போகும் செலவு பல ஒப்பந்தங்களில் உங்கள் தலையில்தான். காரின் அடிப்பாகத்தில் அடிபட்டால் காப்பீடு ஏற்குமா என்றும் கேட்டுவிடுங்கள், அங்கேதான் பேட்டரி இருக்கிறது. கேபிள் தொலைந்தால் என்ன விலை போடுவார்கள் என்பதும் அதே தாளில் இருக்கும்.

திருப்பித் தரும் நாள் தனிக் கணக்கு. 70, 80 சதவீதம் என்று கேட்பவர்கள் உண்டு, எடுத்த அளவே போதும் என்பவர்கள் உண்டு, காசு கட்டினால் எப்படி வேண்டுமானாலும் கொடுங்கள் என்பவர்களும் உண்டு. மூன்றாவது சில நேரம் மலிவாகவே இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். விமான நிலையத்துக்கு அடுத்துள்ள சார்ஜரில் உங்களைப் போலவே எல்லோரும் அதே காலையில் நிற்பார்கள் என்பதால், முந்தைய இரவே ஏற்றி வைப்பது நிம்மதி.

காரின் திரையில் உங்கள் கைபேசியின் பெயர், போன இடங்கள், வீட்டு முகவரி எல்லாம் இருக்கும், அழித்துவிடுங்கள். பிறகு டாஷ்போர்டை ஒரு புகைப்படம்: சதவீதம், ஓடிய கிலோமீட்டர், நேரம் மூன்றும் தெரியும்படி. டிக்கியில் கேபிளும் அடாப்டரும் இருக்கும் நிலையில் இன்னொன்று. விடிகாலை விமானம் என்றால் சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவீர்கள், வாங்கிப் பார்க்க ஆள் இருக்காது. காரோடு வந்த அட்டையிலும் டெஸ்லா சார்ஜர்களிலும் ஏற்றிய கணக்கு முதலில் வாடகை நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து உங்கள் கிரெடிட் கார்டுக்கு வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். அந்த பில்லில் நீங்கள் கிளம்பிப் போன நாளுக்கு அடுத்த நாள் தேதியிட்ட சார்ஜ் ஒன்று இருந்தால், பேசப்போவது அந்தப் புகைப்படம்தான்.